கட்டடத்துள் காற்றும் வெப்பமும்



உடைகளைத் தேய்ப்பதற்கு வீட்டில் நாம் வைத்திருக்கும் மின்னழுத்தியை யாவரும் அறிவர். அது சிறிது நேரம் சூடேறியதும் 'டிக்' என்றோர் ஒலி எழும். அதன் சிறு விளக்கு அணையும். ஆறத் தொடங்கியதும் மறுபடியும் 'டிக்', விளக்கு எரியும். 'போதும்' என்று ஒரு முறையும், 'போதாது' என்று மறு முறையும் அது நமக்குச் சொல்கின்றது. பெரிய மருத்துவமனைகளிலும் விமான நிலையங்களிலும் பல மாடி அலுவலகங்களிலும் வெப்பத்தையும் குளிரையும் காற்றோட்டத்தையும் ஆளுகின்ற பொறிகள் எத்துணைச் சிக்கலாகத் தோன்றினும், அவை யாவற்றுக்கும் அடிப்படை இந்த இரண்டு சொற்களே. அவற்றைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறேன். நான் பொறியியல் கற்றவன் அல்லன், கலைப் பட்டதாரி. ஆயினும் சூடேறிய கூரைத் தகடுகளின் கீழே பிள்ளைகளை இருத்திப் பாடஞ் சொல்லும் தொழிலில் பல்லாண்டு கழித்தவனுக்கு வெப்பத்தைப் பற்றிப் பேச ஓரளவு உரிமை உண்டென்று எண்ணுகிறேன்.

அழுத்தியின் உள்ளே, இருவேறு உலோகத் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டிய சிறு கீலம் ஒன்று உண்டு. சூடேறும்போது உலோகம் நீளும். ஆயின் எல்லா உலோகமும் ஒரே அளவாய் நீளுவதில்லை. பித்தளை இரும்பினும் மிகுதியாக நீளும். ஒட்டிக் கிடக்கும் இரண்டில் ஒன்று மிக நீண்டு மற்றையது குறைய நீண்டால், கீலம் வளைவதன்றி வேறு வழியில்லை. வளைந்ததும் மின்தொடுப்பு விடுபடும். ஆறியதும் கீலம் நிமிர்ந்து தொடுப்பு மீளும். வெப்பத்தை அறிவதும் அக்கீலமே; அறிந்ததன்மேற் செயற்படுவதும் அதுவே. இத்தகைய கருவிக்கு வெப்பநிலைநிறுத்தி என்று பெயர்.

இக்கருவி கட்டடத்துக்குள் புகுந்த வரலாற்றைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஏனெனில் அதனைப் புகுத்தியவர் ஓர் ஆசிரியர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வைற்வோட்டர் என்னும் ஊரிலே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே கற்பித்தவர் வாரன் ஜோன்சன். குளிர் நாடாகையால் நிலவறையில் உலை எரித்துக் கட்டடத்தைச் சூடாக்குவர். எந்த அறை சூடு மிகுந்தது, எந்த அறை குளிர்ந்தது என்பதை அறியப் பணியாளர் அடிக்கடி ஒவ்வொரு வகுப்பாகக் கதவைத் திறந்து உள்ளே வருவார்; வெப்பமானியைப் பார்ப்பார்; பிறகு நிலவறைக்கு இறங்கிச் சென்று சூட்டைக் கூட்டுவார், அல்லது குறைப்பார். பாடத்தின் நடுவே கதவு திறந்தால் நாற்பது தலையும் ஒருங்கே திரும்பும் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். இத்தொல்லைக்கு முடிவு தேடிய ஜோன்சன், அறைச் சுவரிற் பொருத்தி, வெப்பம் ஓரளவைக் கடந்ததும் நிலவறையில் மணி அடிக்கச் செய்யும் மின் கருவியொன்றை அமைத்து, 1883 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1885 இல் மில்வோக்கி நகரில் அவர் தொடங்கிய நிறுவனம் இன்று உலகப் பெரு நிறுவனங்களுள் ஒன்று. வகுப்பறைக் கதவு அடிக்கடி திறப்பதைப் பொறாத ஆசிரியர் ஒருவரின் சினத்திலிருந்து ஒரு பெருந்தொழில் பிறந்தது. ஆசிரியரின் சினம் வீணாவதில்லை என்று நான் மாணவரிடம் சொல்வதற்கு இது நல்ல சான்று.

அவர் கருவியில் மூன்று வேலைகள் தனித்தனியே பிரிந்து நிற்பதைக் காணலாம். ஒன்று, உள்ள நிலையை அறிதல். அடுத்தது, அறிந்ததை நாம் வேண்டிய அளவோடு ஒப்பிடுதல். மூன்றாவது, ஒப்பிட்டு வந்த முடிவின்படி கதவையோ வால்வையோ அசைத்தல். மட்டக்களப்பு வயல் வாழ்வோடு பழகியவர்களுக்கு இதனை விளக்க நான் பெருமுயற்சி செய்யவேண்டியதில்லை. நமது வட்டவிதானையார் காலங்காலமாய்ச் செய்து வந்த வேலை இதுவே. வயலில் நிற்கும் நீரைக் கண்ணாற் பார்ப்பார்; பயிரின் பருவத்துக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதை மனத்தில் வைத்திருப்பார்; குறைந்தால் துருசைத் திறப்பிப்பார், மிகுந்தால் அடைப்பிப்பார். கண், மனம், துருசு. இம்மூன்றுள் ஒன்று பழுதாயினும் வயல் கெடும்.

வட்டவிதானையார் அறிந்த இன்னொரு நுட்பமும் உண்டு. துருசைத் திறந்த உடனே கடைவயலுக்கு நீர் போய்ச் சேராது. வாய்க்கால் வழியே செல்ல நேரம் வேண்டும். புதிதாய்ப் பொறுப்பேற்ற இளைஞன் ஒருவன் கடைவயலில் நின்று, 'இன்னும் வரவில்லை, இன்னும் திறவுங்கள்' என்று ஆளனுப்பிக்கொண்டே இருப்பானாயின் என்ன நிகழும்? ஈற்றில் நீர் வரும்போது வேண்டிய அளவிலும் மும்மடங்காய் வந்து வரம்பை உடைக்கும். உடனே அஞ்சி முற்றாக அடைப்பான்; மறுநாள் வயல் காயும். கட்டடங்களிலும் இதே குழப்பம் நேர்கின்றது. பெருங்கட்டடம் ஒன்றைக் குளிர்விக்கும் நீர் நெடுங்குழாய்களூடே சென்று பயன் தர நேரமாகும். அந்தத் தாமதத்தை எண்ணாத ஆளுகைக் கருவி ஒரு வேளை குளிரில் நடுங்க வைத்து, மறு வேளை வியர்க்க வைக்கும். ஆகவேதான் நல்ல கருவிகள் முழுதாகத் திறப்பதும் முழுதாக மூடுவதுமாய் இராமல், குறை எவ்வளவோ அவ்வளவிற்கு மட்டும் சிறிது சிறிதாகத் திறக்கவும், நெடுநேரம் தீராத சிறு குறையை நினைவில் வைத்துத் திருத்தவும், குறை தீரும் வேகத்தைக் கண்டு முன்கூட்டியே கையைத் தளர்த்தவும் அமைக்கப்படுகின்றன. அனுபவம் மிக்க வட்டவிதானையாரின் பொறுமையைக் கணக்காக எழுதிப் பொறிக்குள் வைத்தால் எதுவோ அதுவே இது.

வீட்டிலும் அலுவலகத்திலும் 'ஏசி' என்று வழங்கும் குளிரூட்டியைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் ஊன்றியிருக்கின்றன. வெயிலில் வந்தவர் கருவியை 16 பாகையில் வைத்து, அறை விரைவிற் குளிரும் என்று நம்புகிறார். சாதாரணக் குளிரூட்டிக்குத் தெரிந்தவை ஓடுதலும் நிற்றலுமே. 25 இல் வைத்தாலும் 16 இல் வைத்தாலும் அது ஓடும் வேகம் ஒன்றே; வேறுபடுவது எப்போது நிற்கும் என்பது மட்டுமே. 16 இல் வைத்தவர் பெரும்பாலும் மறந்துபோய்ப் போர்வை தேடுவார். வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வேட்டர் வகைக் கருவிகளில் இது சிறிது மாறுபடும். இந்தியாவில் 2020 சனவரி தொடக்கம் நட்சத்திரக் குறியிட்ட அறைக் குளிரூட்டிகள் யாவும், நாம் மாற்றாத வரையில், 24 பாகையிலேயே இயங்கத் தொடங்கும்படி அமைக்கப்படவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். குறித்த அளவை ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு மிஞ்சும் என்பது அந்நாட்டு மின்சிக்கனப் பணியகத்தின் கணிப்பு.

மற்றைய எண்ணம் இதனினும் கேடு பயப்பது. குளிரூட்டி வெளியிலிருந்து புதுக்காற்றைக் கொண்டுவருகின்றது என்று படித்தவர்களும் நினைக்கின்றனர். சுவரில் மாட்டும் சாதாரணக் கருவி அவ்வாறு செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சி, குளிர்ந்த குழாய்களின்மீது செலுத்தி, மீண்டும் அறைக்கே தருகின்றது. வெளிச்சுவரில் நிற்கும் மற்றைய பெட்டி அறையின் வெப்பத்தை வெளியே கொட்டுவதற்கே உள்ளது. இரண்டுக்கும் இடையே செல்வது குளிர்பொருள் ஓடும் செம்புக் குழாயேயன்றிக் காற்றுக் குழாய் அன்று.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர், கதிரவெளிப் பிள்ளைகள் வெப்பத்தில் வாடுவதைக் கேள்வியுற்று, நமது வகுப்பறைகள் சிலவற்றைக் கண்ணாடியால் அடைத்துக் குளிரூட்டி பொருத்தித் தருவதாக எழுதினார்கள். அன்பினால் எழுந்த எண்ணம் அது. பெற்றோர் மகிழ்ந்தனர், பிள்ளைகள் துள்ளினர். விடை எழுதவேண்டியவன் நான். மறுத்தால் ஊர் என்னைப் பழங்காலத்து மனிதன் என்னும். ஏற்றால் மின்கட்டணத்துக்கும் பழுதுக்கும் பிள்ளைகளின் மூச்சுக்கும் நான் பொறுப்பு. ஆகவே கணக்குப் பார்க்க முற்பட்டேன்.

எட்டு மீற்றர் நீளமும் ஏழு மீற்றர் அகலமும் மூன்றரை மீற்றர் உயரமும் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுள் அடங்கும் காற்று ஏறத்தாழ 200 கன மீற்றர். நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை மூச்சிலே மணிக்கு ஏறக்குறைய 15 லீற்றர் காபனீரொட்சைட்டை, அதாவது பழைய பாடநூல்களின் கரியமிலவாயுவை, வெளிவிடும். நாற்பது பேருக்கு 600 லீற்றர். வெளிக்காற்றில் அவ்வாயு பத்து இலட்சத்தில் 420 பங்களவில் உள்ளது. ஓர் அறையில் அது 1000 பங்கைக் கடந்தால் காற்றோட்டம் போதாதென்று கொள்வது பொது வழக்கம். கதவு சாளரம் யாவும் இறுக அடைத்த அவ்வறையில் அந்த எல்லையை எட்ட எவ்வளவு நேரமாகும்? பன்னிரண்டு நிமிடம். வரவு இடாப்புக் கூப்பிட்டு முடிந்து, பாடத்தின் தலைப்பைக் கரும்பலகையில் எழுதும் வேளை. ஒரு பாடவேளை முடியும்போது இரண்டாயிரத்தைக் கடந்திருக்கும். வெப்பமானி 24 என்று அழகாகக் காட்டும். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆசிரியர் அவர்களை ஏசுவார். கருவி தன் கடமையைச் செய்து முடித்தது என்பதும் உண்மையே. அதனிடம் வெப்பத்தை மட்டுமே காக்கச் சொன்னோம். மூச்சைப் பற்றி அதற்கு எவரும் சொல்லவில்லை.

மேலைநாட்டாரும் இப்பாடத்தைப் பட்டுத்தான் அறிந்தனர். 1973 இல் எண்ணெய் விலை ஏறியபின், எரிபொருளை மிச்சப்படுத்தும் பொருட்டுக் கட்டடங்களுக்குள் விடும் புதுக்காற்றை வெகுவாகக் குறைத்தார்கள். அலுவலகங்களில் வேலை செய்தோர் தலைவலி என்றும் கண்ணெரிவு என்றும் சோர்வு என்றும் முறையிடத் தொடங்கினர். 1989 இல் அமெரிக்கப் பொறியியலாளர் தம் அளவுகோலைத் திருத்தி, ஒருவருக்கு வேண்டிய குறைந்த அளவை மும்மடங்காக்கினர். கொரோனாத் தொற்றின் பின்னர் 2021 இல் உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு விநாடிக்கு 10 லீற்றர் புதுக்காற்று வேண்டும் என்று அறிவுறுத்தியது. நமது நாற்பது பேருக்கு அது விநாடிக்கு 400 லீற்றர் ஆகின்றது. அவ்வளவு வெளிக்காற்றை இடைவிடாது உள்ளே விட்டு, அதனைக் குளிரவும் உலரவும் செய்வதற்குப் பெரும் பொறியும் பெரும் பணமும் வேண்டும். ஆனால் ஒரு சதுர மீற்றர் திறப்பினூடே காற்று விநாடிக்கு அரை மீற்றர் வேகத்தில், அதாவது மிக மென்மையாக, புகுந்தால் எவ்வளவு காற்று வரும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: விநாடிக்கு 500 லீற்றர். எதிர்ச்சுவரில் அது வெளியேற வழி இருத்தல் வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. புகும் வழி இருந்து போகும் வழி இல்லாத அறையிற் காற்று புகுவதே இல்லை.

இனி, வெப்பத்துக்கு வருவோம். அமர்ந்திருக்கும் பிள்ளையின் உடல் ஏறக்குறைய 75 வாற்று வெப்பத்தை வெளிவிடுகின்றது. நாற்பது பேர் சேர்ந்தால் 3000 வாற்று. ஒரு தொன் குளிரூட்டி என்று கடையிற் சொல்வது 3500 வாற்று வெப்பத்தை அகற்ற வல்லது. தொன் என்னும் சொல் எதற்கு என்று கேட்பீர்கள். பழைய காலத்தில் பனிக்கட்டியால் குளிர்வித்தார்கள். ஒரு தொன் பனிக்கட்டி ஒரு நாள் முழுதும் உருகி எவ்வளவு வெப்பத்தைக் கொள்ளுமோ அதுவே இவ்வளவை. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த அத்தகைய பனிக்கட்டியைச் சேமிப்பதற்கென 1842 இல் எழுந்ததே. ஆகப் பிள்ளைகளின் உடல் வெப்பத்துக்கே ஒரு தொன் கருவி போய்விடும். கூரைக்கு வேறு, வெயில் படும் சுவருக்கு வேறு, வெளிக்காற்றுக்கு வேறு.

வெப்பமானி காட்டும் எண் ஒன்றே நம் உடல் உணர்வதன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நமது கரையில் இரண்டு காற்றுகள் ஆண்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வைகாசி தொடங்கி ஆவணி வரையில் வீசுவது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குகின்றது. இறங்கும் காற்று அமுக்கத்தாற் சூடேறும். ஆகவே அது உலர்ந்தும் கொதித்தும் வருகின்றது. கார்த்திகை தொடக்கம் வீசுவது வாடை. வங்கக் கடலைக் கடந்து ஈரஞ் சுமந்து வருவது. கச்சான் காலத்தில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதும், வாடைக் காலத்தில் அதே பானை அவ்வளவு குளிராதிருப்பதும் வீட்டுப் பெண்கள் யாவரும் அறிந்ததே. பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் குறையும். நம் உடலின் வியர்வைக்கும் இதுவே விதி.

இதனை அளப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் மிக எளிய கருவி போதும். இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றிவிடவேண்டும். கச்சான் நாளொன்றில் வெப்பம் 35 பாகையும் ஈரப்பதன் நூற்றுக்கு நாற்பதுமாக இருந்தால், ஈரக்குமிழ் 24 அல்லது 25 இல் நிற்கும். மழை நாளொன்றில் வெப்பம் 29 உம் ஈரப்பதன் எண்பத்தைந்துமாக இருந்தால், ஈரக்குமிழ் 27 ஐக் காட்டும். அதாவது, சூடு குறைந்த நாளிலேயே ஈரக்குமிழ் உயர்ந்து நிற்கின்றது. கச்சானில் நனைத்த சாக்கைச் சாளரத்தில் தொங்கவிட்டாற் காற்று நன்கு குளிரும். வாடையில் அதனையே செய்தால் அறை புழுங்குவதன்றி வேறு பயனில்லை. ஒரே செயல் ஒரு காலத்தில் மருந்து, மற்றொரு காலத்தில் நோய். பொறிக்கும் இது பொருந்தும்.

குளிரூட்டி என்பதே முதலில் மனிதருக்காக உண்டானதன்று. 1902 இல் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் அச்சகம் ஒன்றுக்கு ஓர் இடுக்கண் நேர்ந்தது. கோடையின் ஈரத்தில் தாள் விரிந்தும் சுருங்கியும் போனமையால், ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் வண்ணங்கள் பொருந்தவில்லை. இளம் பொறியியலாளர் வில்லிஸ் காரியர் அந்த ஈரத்தை நிலைநிறுத்துவதற்காக அமைத்த பொறியே இன்றைய குளிரூட்டிகளுக்கெல்லாம் மூதாதை. தாள் நலமாக இருக்கவேண்டும் என்றே தொடங்கினார்கள். அறையிலிருந்த அச்சுத் தொழிலாளர் பெற்ற சுகம் தற்செயலானது. இன்று நாம் குளிரை மட்டும் கேட்டு ஈரத்தை மறந்துவிட்டோம்.

அந்த மறதியின் பயனை ஓர் இடத்திற் கண்டேன்; ஊரும் பேரும் வேண்டாம். கணினி அறை ஒன்றில், சிறியது பழுதாகும் பெரியது நிலைக்கும் என்று நினைத்து, வேண்டியதிலும் இரு மடங்கு வலிய குளிரூட்டியைப் பொருத்தியிருந்தார்கள். அது அறையைச் சில நிமிடத்திற் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த குழாயிற் படிந்து வடிந்து வெளியேறுவதற்குக் கருவி தொடர்ந்து ஓடவேண்டும். இதுவோ ஓடுவது குறைவு, நிற்பது அதிகம். நிற்கும்போது குழாயிற் படிந்த நீர் மீண்டும் ஆவியாகி அறைக்கே திரும்பும். ஆகவே அறை குளிர்ந்தும் இருந்தது, நனைந்தும் இருந்தது. அலுமாரியில் இருந்த புத்தகங்களின் முதுகில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கருவியின் வெப்ப உணரியோ முகட்டருகே, கருவிக்குள்ளேயே இருந்தது. தனக்குக் குளிர்ந்தால் ஊர் முழுதும் குளிர்ந்துவிட்டது என்று எண்ணும் பெரிய மனிதர்கள் எங்கும் உண்டல்லவா?

மின்சாரம் என்றும் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியோடு தொடுப்புண்டதே காரணம் என்று அமைச்சர் தெரிவித்தார். குரங்கின் விளக்கம் நமக்குக் கிட்டவில்லை. இத்தகைய வேளைகளில், திறக்கவே முடியாதபடி கண்ணாடி பதித்த அறை அடுப்பாகிவிடும். திறக்கத்தக்க சாளரத்தை அடைத்துவிடுவது, துருசின் பலகையை எடுத்து விறகாக்குவதை ஒக்கும்.

குளிரூட்டியே கூடாதென்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். சத்திரசிகிச்சை அறையில் வெளிக்காற்று புகாதபடி உட்காற்று அமுக்கத்தை உயர்த்தி வைக்கவேண்டும்; தொற்றுநோயாளர் அறையில் உட்காற்று பிற அறைகளுக்குச் செல்லாதபடி அமுக்கத்தைத் தாழ்த்தி வைக்கவேண்டும். அவை பொறியின்றி ஆகா. ஏட்டுச்சுவடி காக்கும் அறையும் அவ்வாறே. ஆயின் நாளில் ஆறு மணி நேரம் பிள்ளைகள் இருந்து எழும் வகுப்பறை வேறு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1980களில் மாத்தறையில் ருகுணுப் பல்கலைக்கழகத்தை அமைத்தபோது, குன்றுகளின்மேலே கட்டடங்களைப் பரப்பி, திறந்த நடைகளாலும் முற்றங்களாலும் கடற்காற்றை உள்ளே நடமாட விட்டார். காற்று வரும் திசையை அறிந்து சுவரை நிறுத்துவதும் ஒருவகை ஆளுகையே. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைக் கட்டிய பெயர் தெரியாத கொத்தனாரும் அதனை அறிந்திருந்தார்.

பழைய மாணவர்க்கு நான் எழுதிய விடை இவ்வகையாய் அமைந்தது. கண்ணாடி வேண்டாம். அந்தப் பணத்தில் முதலிற் கூரைத் தகட்டின்கீழே முகடு அடித்துத் தாருங்கள். வெயிலிற் காய்ந்த தகடு பிள்ளைகளின் தலைமேல் வெப்பத்தைக் கதிர்வீசிக்கொண்டிருக்கையில் எந்தப் பொறி வைத்தும் பயன் குறைவு. கூரையின் வெளிப்புறத்தில் வெண்ணிறம் பூசவேண்டும். மேற்குச் சுவரின் உச்சியில் ஓட்டைக்கல் வைத்துச் சூட்டுக்காற்று வெளியேற வழி விடவேண்டும். வகுப்புக்கு நான்கு மின்விசிறி வேண்டும். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி ஆளைக் குளிர்விக்கின்றது. ஆளில்லாத அறையில் அது சுழல்வது வீண். ஆனால் ஆளுள்ள அறையில் இரண்டு மூன்று பாகை குறைந்ததை ஒத்த சுகத்தைத் தரும். விசிறி ஒன்றுக்கு 75 வாற்று மின்சாரம் போதும்; ஒரு தொன் குளிரூட்டிக்கு 1000 வாற்று அளவில் வேண்டும். கணினி அறைக்கு மட்டும், ஆளையும் கருவியையும் கூரையையும் கணக்கிட்டுப் பார்த்து, அளவான குளிரூட்டி ஒன்று. அதனோடு, பழங்காற்றை வெளித்தள்ளும் சிறு விசிறியும், காபனீரொட்சைட்டைக் காட்டும் கையளவு கருவி ஒன்றும்.

அவர்களுள் ஒருவர், 'முகட்டுக்கும் ஓட்டைக்கல்லுக்கும் நாடா வெட்டித் திறப்புவிழா நடத்த இயலுமா, ஐயா?' என்று வேடிக்கையாகக் கேட்டு எழுதினார். இயலும் என்று எழுதினேன். நடந்தது, பொங்கலும் வைத்தோம்.

இப்பொழுது சாளரங்களை ஆளும் பொறுப்பு வகுப்புத் தலைவர்களுடையது. கச்சான் காலத்திற் பாடசாலை தொடங்குமுன் இருபுறமும் திறந்து, இரவு முழுதும் சுவரிலே தங்கிய சூட்டைப் போக்கவேண்டும். பத்து மணியளவில் மேற்குக் காற்று சுடத் தொடங்கியதும் அப்பக்கத்துச் சாளரங்களை மட்டும் சாத்தவேண்டும். கிழக்குப் பக்கமும் உச்சித் திறப்பும் என்றும் அடைபடலாகாது. கடற்காற்று எழுந்து கச்சானை மறித்துவிட்டால் மீண்டும் இருபுறமும் திறக்கலாம். அது எழுந்ததா என்பதை அறிய அவர்களுக்குப் பொறி ஏதும் இல்லை. முற்றத்தில் நிற்கும் கொடிக்கம்பத்தைப் பார்ப்பார்கள். கடல் பக்கம் பறந்துகொண்டிருந்த கொடி வயல் பக்கம் திரும்பினால், ஒருவன் எழுந்து போய்ச் சாளரத்தைத் திறப்பான். பாடம் நடந்துகொண்டிருக்கும், ஆசிரியர் அவனைத் தடுப்பதில்லை.